அக்டோபரில் ஃபியோர்டு நாட்டில் கார்ப் பயணம்: தேதியை விட உயரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து நான்கு பேர் வருகிறீர்கள்: நீங்கள், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், 68 வயது அம்மா. அக்டோபர் 10 முதல் 18 வரை மேற்கு நார்வே. பெர்கனில் வாடகைக் கார் எடுத்து ஃப்லோம், கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டீகன், அட்லாண்டிக் சாலை, முடிந்தால் லோஃபோட்டன் என்று ஒரே சுற்றில் பார்த்துவிட்டு, இலைகள் நிறம் மாறுவதையும் படம் பிடிக்க வேண்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பல தடவை ஓட்டியிருக்கிறீர்கள், பனியில் ஓட்டியதில்லை. இந்த வரிசை சரியா என்பது உங்கள் கேள்வி. ஆனால் வரிசையைச் சரிசெய்தால் தீர்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. அந்த வாரத்தில் இங்கே எதை நம்பி வரலாம், எதை நம்பி வரக் கூடாது என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது.

பெர்கனில் 14 வருடமாக இருக்கிறேன். நீர்மின் நிலையங்களில் பராமரிப்பு வேலை. அந்த நிலையங்கள் எல்லாம் ஃபியோர்டுகளின் (மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே நுழையும் கடல் நீர்) உள்மூலைகளில், மலை அடிவாரத்தில் இருப்பதால், ஹார்டாங்கர், சோக்னெ என்ற இரண்டு ஃபியோர்டுகளின் பக்கமும் மாதம் இரண்டு மூன்று முறை நானே வண்டி ஓட்டிப் போகிறேன், எல்லா மாதங்களிலும். அதனால் இந்தப் பகுதியின் சாலைகளைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். கெய்ராங்கர் பக்கம் விடுமுறைக்குப் போய் வந்ததோடு சரி. லோஃபோட்டனைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும்: பெர்கனிலிருந்து சாலை வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இந்தப் பயணத்திலிருந்து அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

இங்கே வந்த முதல் வருடம் நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். அக்டோபர் இரண்டாம் வாரம். சோக்னெ கரையில் வீக் என்ற ஊரில் வேலை முடித்துவிட்டு வோஸுக்குத் திரும்ப வேண்டும். ஊரில் லேசான மழை, வண்டியின் வெப்பமானி 6 டிகிரி காட்டியது. நம் ஊர் மழை போலத்தான் என்று நினைத்துக் கோடைக்கால டயரோடு மலை ஏறினேன். வீக்கா மலைச் சாலையின் உச்சி 986 மீட்டர். பாதி ஏறும்போது கண்ணாடியில் விழும் துளிகளின் சத்தம் மாறியது. இன்னும் கொஞ்சம் மேலே சாலை முழுக்கச் சேறு போன்ற ஈரப்பனி. ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி நேராகப் போகிறது. ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றதால் பிழைத்தேன். அன்று ராத்திரி வீக்கிலேயே தங்கினேன்.

காற்றின் வெப்பம் உயரத்தோடு, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஃபியோர்டு கரையில் 6 டிகிரி என்றால் ஆயிரம் மீட்டரில் பூஜ்யம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும், இலை நிறமும் சாலை நிலவரமும் சேர்ந்தே பிடிபட்டுவிடும். இங்கே இலையுதிர் காலம் மலை உச்சியில் தொடங்கி, படிப்படியாகக் கடல் மட்டத்துக்கு இறங்கி வருகிறது. சாலையில் 800 மீட்டர் ஏறினால் மூன்று வாரம் கழித்து வந்த மாதிரி. ஆகவே "அக்டோபர் 12 அன்று நிறம் இருக்குமா?" என்று கேட்டால் பதில் கிடையாது. "அக்டோபர் 12 அன்று எந்த உயரத்தில் நிறம் இருக்கும்?" என்று கேட்டால் பதில் உண்டு.

பொதுவாக நான் பார்ப்பது இது. செப்டம்பர் முதல் பாதியில், மரங்களே இல்லாத மேட்டு நிலங்களில், முழங்கால் உயரக் குட்டை பிர்ச்சும் ப்ளூபெர்ரிச் செடிகளும் செக்கச் செவேல் என்று ஆகிவிடும். ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் அந்தச் சிவப்பைப் பார்க்கிறவர்கள் தரையில் ஜமுக்காளம் விரித்த மாதிரி என்பார்கள், அப்படித்தான் இருக்கும். செப்டம்பர் கடைசியில் அதற்குக் கீழே, 500 முதல் 900 மீட்டர் வரையிலான சரிவுகளில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் அந்த மஞ்சள் கரைக்கு வந்து சேரும், பழத்தோட்டங்களும் அப்போது நிறம் மாறும். அந்த வாரத்தில் ஒரு புயல் காற்று அடித்தால் மேல் சரிவுகள் ஒரே ராத்திரியில் மொட்டையாகிவிடும். வருடத்துக்கு வருடம் பத்து நாள் முன்னே பின்னே ஆகும். எந்தத் தேதிக்கு என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களே உறுதி சொல்ல மாட்டார்கள்.

கடலோரத்தில் நிறம் தேடாதீர்கள். அங்கே மலைச் சரிவுகளில் வரிசையாக நட்ட ஸ்ப்ரூஸ் மரங்கள் வருடம் முழுக்கக் கரும்பச்சை. ஓடையோரங்களில் நிறைய இருக்கும் ஆல்டர் மரம் இலையைப் பச்சையாகவே உதிர்த்துவிடும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், மற்ற மரங்கள் போல உதிர்க்கும் முன் இலையிலிருந்து சத்தை மீட்டுக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை. பிர்ச்சும் ஆஸ்பெனும் ரோவனும் அடர்ந்த உள்ஃபியோர்டுகள்தான் நிறத்துக்குச் சரியான இடம்.

மழைக்கும் இதே பதில்தான். பெர்கனில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, இலையுதிர் காலத்தில்தான் அதிகம். ஆனால் சோக்னெ ஃபியோர்டின் உள்முனையில் இருக்கும் லேர்டாலில் ஏறக்குறைய அதில் நான்கில் ஒரு பங்கு. மேற்கிலிருந்து வரும் மேகம் கடலோர மலைகளில் சுமையை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. வால்பாறைக்கும் கோவைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெர்கனில் குடை பிடித்துக்கொண்டு கிளம்பி, மூன்று மணி நேரத்தில் உள்ஃபியோர்டு ஊரான அவுர்லாண்டில் வெயிலில் இறங்கியது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

அதனால் முதல் ஆலோசனை, விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், தேதியை மாற்றுங்கள். மகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருமே, அதைப் பிடிக்க முடிந்தால் நல்லது. வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகல் 12 மணி நேரம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஐந்தரை நிமிடம் போல் குறைகிறது, வாரத்துக்கு நாற்பது நிமிடம். அக்டோபர் நடுவில் பத்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் மாலை ஐந்துக்கே இருட்டு.

தேதி மாற்ற முடியாது என்றாலும் மனம் தளர வேண்டாம். அக்டோபர் நடுவில் மட்டும் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு. உச்சியில் புதுப் பனி வெள்ளையாக, நடுவில் இலை உதிர்ந்த பழுப்பு, கீழே மஞ்சள் பிர்ச், அதற்கும் கீழே கரும்பச்சைத் தண்ணீர். நான்கும் ஒரே மலைச் சுவரில். வருடத்தில் நான் மிகவும் விரும்பும் வாரங்கள் அவை. கோடைக் கூட்டமும் போய்விட்டிருக்கும். இந்தக் காட்சியைப் பார்க்க நீங்கள் மலைக்கு மேலே ஏற வேண்டியதே இல்லை என்பதுதான் முக்கியம். கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்தால் போதும்.

இனி சாலைகள். ட்ரோல்ஸ்டீகன் 1936-இல் திறந்த சாலை, 11 கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமாக மே மாதம் திறந்து, இலையுதிர் காலத்தில் பனி விழுந்ததும் மூடுவார்கள். 2024-இல் பாறைகள் சரிந்து விழுந்த ஆபத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி மூடியே வைத்திருந்தார்கள். கெய்ராங்கருக்குத் தெற்கிலிருந்து இறங்கும் மலைச் சாலையும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் டால்ஸ்னிப்பா பார்வையிடமும் இதே கதை. வட ஐரோப்பாவின் மிக உயரமான கணவாய்ச் சாலை என்று பெயர் பெற்ற சோக்னெ மலைச் சாலை 1,434 மீட்டர். அவுர்லாண்டையும் லேர்டாலையும் இணைக்கும், 'பனிச் சாலை' என்று செல்லப்பெயர் கொண்ட அவுர்லாண்ட் மலைச் சாலை 1,300 மீட்டரைத் தொடுகிறது. அக்டோபர் நடுவில் இவை எல்லாமே திறந்தும் இருக்கலாம், மூடியும் இருக்கலாம். ராத்திரி பனி விழுந்து மூடி, இரண்டு நாள் கழித்துத் திறப்பதும் உண்டு. இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் பயணத்தின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். திறந்திருந்தால் போகலாம் என்று பக்கத்து ஊரில் தங்கியிருக்கும் மாதிரித் திட்டமிடுங்கள். கெய்ராங்கர், அட்லாண்டிக் சாலை இரண்டையும் நான் நீக்கிவிடுவேன். அழகு குறைவு என்பதால் இல்லை, எட்டு நாளில் அவ்வளவு வடக்கே போனால் பாதி நேரம் வண்டிக்குள்தான் கழியும். சாலைகளின் உச்ச வேகம் பெரும்பாலும் மணிக்கு 80 என்றாலும், வளைவு, ஊர், படகுத்துறை எல்லாம் சேர்த்தால் சராசரி ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம். வரைபடச் செயலி மூன்று மணி நேரம் என்றால் நீங்கள் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க நிறுத்தாமல் உங்களால் போக முடியாது, போகவும் கூடாது.

உறுதியாக நம்பக்கூடியவை பள்ளத்தாக்கு வழிகளும் சுரங்கச் சாலைகளும். பெர்கனிலிருந்து வோஸ், குட்வாங்கன், ஃப்லோம் வழியாக லேர்டால் வரை செல்லும் ஈ16 நெடுஞ்சாலை வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அதில் அவுர்லாண்டுக்கும் லேர்டாலுக்கும் நடுவே 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம். 2000-இல் திறந்தார்கள், உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். ஓட்டுநர் சலிப்பில் தூங்கிவிடாமல் இருக்க, ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று இடங்களில் குகையை அகலமாகக் குடைந்து நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். 'உறுதி' என்று சொன்னாலும் ஒரு திருத்தம்: பெர்கனுக்கும் வோஸுக்கும் இடையே பாறைச் சரிவு அடிக்கடி நடக்கிறது, பல சுரங்கங்களைப் பராமரிப்புக்காக ராத்திரியில் மூடுவார்கள். 2014 அக்டோபர் கடைசியில் பெய்த பெருமழையில் ஹார்டாங்கர் பக்கத்து ஊரான ஒட்டாவில் ஆற்றோர வீடுகளே அடித்துக்கொண்டு போயின, ஃப்லோமிலும் வெள்ளம். எனவே திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரியாவது பெர்கனில் இருங்கள்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிப் போவேன். வந்த அன்றே வண்டி எடுக்க மாட்டேன். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு நேராக டிராம் இருக்கிறது, அதில் போய் ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் காலை வண்டி எடுப்பேன். சாலையின் வலது பக்கம் ஓட்டுவது உங்களுக்குப் புதிது. பெர்கனில் சுரங்கத்துக்குள்ளேயே பாதை பிரியும், தூக்கக் கலக்கத்தோடு அதைச் சமாளிக்க வேண்டாம். அங்கிருந்து நூர்ஹெய்ம்சுண்ட். அங்கே ஸ்டைன்ஸ்டால்ஸ் அருவிக்குப் பின்னால் நனையாமல் நடந்து போகலாம், அம்மாவால் முடிகிற தூரம்தான். அப்புறம் கரையோரமாகவே க்வான்டால் போய்ப் படகில் கின்சார்விக் கடந்து லொஃப்ட்ஹூஸ். அங்கே இரண்டு இரவு.

லொஃப்ட்ஹூஸில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹார்டாங்கர் கரைகளில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே பழம் பயிராகிறது, சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள் கொண்டுவந்த கலை என்பார்கள். 60 டிகிரி வடக்கில், அலாஸ்கா அளவுக்கு மேலே, ஆப்பிள் எப்படிப் பழுக்கிறது என்று நானும் முதலில் வியந்தேன். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் உறையாத ஃபியோர்டுத் தண்ணீர் கரையைக் கதகதப்பாக வைத்திருக்கிறது, பின்னால் மலை காற்றைத் தடுக்கிறது, கோடையில் பகல் நீளம். கிராவன்ஸ்டைன் ரகம் செப்டம்பரில் வரும், அரோமா அதற்குப் பின்னால். உங்கள் வாரத்தில் கடைசி அறுவடை நடந்துகொண்டிருக்கும். சாலையோரம் ஆளில்லாத மரப்பெட்டிகளில் ஆப்பிள் பைகளும் சாறும் வைத்திருப்பார்கள், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வது வழக்கம். இப்போது பெரும்பாலான பெட்டிகளில் 'விப்ஸ்' என்ற கைபேசிப் பணம்தான் கேட்கிறார்கள். உள்ளூர் அடையாள எண் இல்லாத பயணிகளுக்கு அது சரிப்படாது. நார்வே முழுக்க அட்டையே போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனாலும் இந்தப் பெட்டிகளுக்காகக் கொஞ்சம் குரோனர் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராவன்ஸ்டைனைக் கடிக்காமல் நீங்கள் ஊர் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆப்பிள் சைடர் விற்கும் பண்ணைகளும் வழியெல்லாம் உண்டு, ஆனால் வண்டி ஓட்டுகிறவர் ருசிகூடப் பார்க்க வேண்டாம். இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு இங்கே 0.02 சதவீதம், தண்டனை கடுமை.

மறுநாள் ஒட்டா வழியாக லோத்தெ அருவி. இங்கே என் தொழில் சம்பந்தமான ஒன்றைச் சொல்கிறேன், பயண ஏடுகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. இந்நாட்டின் பேர்போன அருவிகள் பலவற்றின் தண்ணீர் மின்சாரத்துக்குத் திருப்பப்பட்டது. ஐட்ஃபியோர்டுக்கு மேலே 182 மீட்டர் விழும் வோரிங்ஸ் அருவிக்குக் கோடைச் சுற்றுலாக் காலத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று விதி உண்டு, செப்டம்பர் நடுவோடு அந்தக் கட்டாயம் முடிந்துவிடும். அதனால் வறண்ட அக்டோபரில் அது மெலிந்துபோய் நிற்கலாம். மழை பெய்தால் நன்றாக இருக்கும். பள்ளத்தாக்கு எப்படியும் பிரமாதம்தான், 2020-இல் அருவிக்கு மேலே போட்ட படிப்பாலத்தில் நின்று பார்க்கலாம், ஆனால் 'பேரருவி' என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். லோத்தெ அருவியின் ஆறு பாதுகாக்கப்பட்டது, அணை இல்லை. மழைக்கு மறுநாள் போனால் இரட்டை அருவி சாலைப் பாலத்தையே நனைக்கும், கார்க் கண்ணாடித் துடைப்பான் போட வேண்டியிருக்கும். ஆக, மழை பெய்கிறதே என்று அறையில் உட்கார வேண்டாம், அருவிகளை மழை நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அங்கிருந்து ஹார்டாங்கர் பாலத்தைக் கடந்து வோஸ், பிறகு அவுர்லாண்ட். 2013-இல் திறந்த அந்தத் தொங்கு பாலத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே உள்ள நீளம் 1,310 மீட்டர். பாலம் முடிந்ததும் நேராக மலைக்குள் நுழையும், உள்ளே நீல விளக்கோடு ஒரு வட்டச் சந்திப்பு. எந்த வழி வெளியேற வேண்டும் என்பதைப் பாலத்தில் ஏறும் முன்பே பார்த்து வையுங்கள், முதல் தடவை நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

அவுர்லாண்டில் மூன்று இரவு. ஒரு நாள் ஃப்லோமிலிருந்து குட்வாங்கனுக்கு நேரோய் ஃபியோர்டு வழியாகப் படகு. 2005-இல் கெய்ராங்கரோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஃபியோர்டு இது. 17 கிலோமீட்டர் நீளம், மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர் அகலம், இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர். அக்டோபர் நடுவில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து இருபது டிகிரி சொச்சம்தான் ஏறும். அதனால் காலை முதல் படகும் மாலைப் படகும் முழு நிழலில் போகும். நண்பகலை ஒட்டிய படகைப் பிடியுங்கள். இன்னொரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஃப்லோம் ரயிலில் மிர்டால் போய் வாருங்கள். 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் ஏறுகிறது. இலையுதிர் காலம் எப்படி உயரம் உயரமாக நிற்கிறது என்பதை ஒரு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம், ஓட்டுகிற உங்களுக்கும் அன்று ஓய்வு. மூன்றாவது நாள் பனிச் சாலைக்காகக் கையில் வைத்திருப்பது. அது மூடியிருந்தாலும் அவுர்லாண்ட் பக்கத்திலிருந்து ஸ்டேகாஸ்டைன் பார்வையிடம் வரை சாலை வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஃபியோர்டிலிருந்து 650 மீட்டர் உயரம், மலையிலிருந்து 30 மீட்டர் அந்தரத்தில் நீட்டிய மரப்பலகை மேடை. அந்தச் சாலை ஒரு வண்டி அகலம்தான். எதிர் வண்டிக்காக ஒதுங்கும் இடத்தில் 'எம்' என்று நீலப் பலகை இருக்கும். வால்பாறை அனுபவம் உங்களுக்கு இங்கேதான் கை கொடுக்கும்.

கடைசியாகச் சோக்னெ ஃபியோர்டின் உள்கரை. லேர்டால் சுரங்கம், ஃபொட்னெஸ்–மன்ஹெல்லர் படகு, பிறகு சோல்வோர்ன் என்ற சின்னக் கரையோர ஊர். சோக்னெ 205 கிலோமீட்டர் நீளம், ஆழம் 1,308 மீட்டர், நார்வேயில் இதுதான் மிக நீளமானதும் ஆழமானதும். எதிர்க்கரையில் உர்னெஸ் மரத்தேவாலயம், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பார்வையாளரை உள்ளே விடும் பருவம் அக்டோபரில் முடிந்திருக்கும், பரவாயில்லை, அதன் பெருமையான மரச்செதுக்கல் வடக்கு வெளிச்சுவரில்தான் இருக்கிறது. ஒன்றையொன்று பின்னிக் கடிக்கும் விலங்குகள். அந்தப் பாணிக்கே உர்னெஸ் என்றுதான் பெயர். திரும்பும் நாளில் ஹெல்லாவிலிருந்து படகில் வாங்ஸ்னெஸ் கடந்து, வீக், வீக்கா மலை, வோஸ், பெர்கன். நான் முட்டி நின்ற அதே மலை. அன்று காலை அது மூடியிருந்தாலோ, கரையில் வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே இருந்து மழையும் பெய்தாலோ, யோசிக்காமல் வந்த வழியே லேர்டால் சுரங்கத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

வண்டி எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை. ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு, அசல் உரிமத்தையும் கொண்டு வாருங்கள். பதிவு செய்யும்போதே குளிர்கால டயர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆணி பதித்த டயர் நவம்பர் 1-லிருந்துதான் பொதுவாக அனுமதி, அதற்கு முன் பனி உண்மையிலேயே இருந்தால் மட்டும். ஆணி இல்லாத குளிர்கால டயருக்குத் தேதிக் கட்டுப்பாடு கிடையாது, அதுதான் உங்களுக்கு வேண்டியது. முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்காமலே பாய்ந்து வருவார்கள், அது அவர்கள் உரிமை. சுங்கக் கட்டணத்துக்கும் பல படகுகளுக்கும் எங்கும் நிறுத்திக் காசு கொடுக்க வேண்டாம், எண்பலகையைப் படம் பிடித்துக் கணக்கு வாடகை நிறுவனம் வழியாக வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் வாருங்கள், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெப்பமானி 3 டிகிரி காட்டினாலே பாலங்களிலும் நிழல் வளைவுகளிலும் தரை உறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தரை போலவே இருக்கும்.

பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மான். மேற்கு நார்வேயில் செம்மான் மிக அதிகம், அந்தி நேரத்தில் மேய்ச்சலுக்காகச் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். மாலை ஐந்து மணிக்குத் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் நார்வே வானிலை நிறுவனத்தின் 'யூர்' செயலியில், தங்கும் ஊரின் பெயரை மட்டும் போடாமல் கடக்கப் போகும் மலையின் பெயரையும் போட்டுப் பாருங்கள். சாலைத் துறையின் தளத்தில் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் வரும், 175 என்ற எண்ணிலும் கேட்கலாம். 'ஸ்டெங்ட்' என்றால் மூடியது. தடுப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் போகாதீர்கள்.

அம்மா சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன ஊர்களில் அக்டோபரில் பாதி உணவகங்கள் மூடியிருக்கும், திறந்திருப்பதில் சைவம் என்றால் உருளைக்கிழங்கும் சாலடும்தான். சமையலறை உள்ள மரக்குடில்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும், உணவகத்தை விட மிகவும் மலிவு. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை விடுவார்கள், இடத்துக்கு இடம் வாரம் மாறும், அது உங்கள் தேதியில் விழுந்தால் குடில்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். இப்போதே பதிவு செய்யுங்கள். ஊரிலிருந்து சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி கொண்டு வரலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதி இல்லை, சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். வெண்ணெய் இங்கே அருமையாகக் கிடைக்கும், குடிலில் உருக்கிக்கொள்ளுங்கள். சுடுசோறும் ரசமும் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு சோல்வோர்ன் படகுத்துறைக்கு மதியம் போய்விட்டால், வெயில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் அம்மாவுக்கு எதிர்க்கரை முழுக்கத் தெரியும்.